சட்டசபையில் ஒரு மருத்துவர்: முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வு

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தினின்று திரு.வி.க. பாலத்தின் வழியே அடையாற்றைக் கடப்போர் மறுகரையில் இரு நிறுவனங்களைக் காணலாம். ஒன்று ஆதரவற்ற பெண்மக்களுக்கான அவ்வை இல்லம். மற்றொன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இவ்விரண்டையும் நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை மருத்துவராக அறிந்தவர் பலர். அவர் சட்டசபையில் ஆற்றிய பணியோ போதிய அளவு ஆராயப்படவில்லை. வாக்காளர் தொகுதியோ, கட்சியோ, அமைச்சுப் பதவியோ இல்லாத ஓர் உறுப்பினர் சட்டமன்றத்தில் எதனைச் சாதிக்க இயலும் என்ற வினாவுக்கு அப்பணியே விடையாகும்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாயார் தேவதாசி மரபைச் சார்ந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் பலரது எதிர்ப்புக்கிடையே இடம்பெற்று, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். பெண் மருத்துவர்களின் தேவை அக்காலத்தில் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆண் மருத்துவரை நாடத் தயங்கிய கோஷாப் பெண்களை முன்னிட்டே 1885இல் டாக்டர் மேரி ஷார்லிப் சென்னையில் தனி மருத்துவமனை தொடங்கினார். 'கோஷா ஆஸ்பத்திரி' என வழங்கிய அதுவே இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. வீட்டின் உள்ளறை வரை செல்லும் உரிமை பெண் மருத்துவருக்கு இருந்தது. இளவயது மணம், அடுத்தடுத்த மகப்பேறு, சிசு மரணம் ஆகியவற்றை முத்துலட்சுமி புள்ளிவிவரமாக அன்றி நோயாளிகளின் முகங்களாகவே கண்டார்.

சென்னை மாகாணத்தில் பெண்கள் 1921இலேயே வாக்குரிமை பெற்றுவிட்டனர். எனினும் சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை 1926இல்தான் கிட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாய மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். இதன்பின், அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமன உறுப்பினரானார். மருத்துவத் தொழிலுக்கு இடையூறு நேருமோ எனத் தயங்கியே அவர் இதற்கு இசைந்தார். 1927இல் அவையினர் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தனர்.

சட்டசபையில் அவர் கையாண்ட முறையில் மருத்துவரின் மனப்பாங்கு தெளிவாகத் தெரிகிறது: நோய்க்குறியைக் கண்டு, அதன் மூலகாரணத்தை ஆராய்ந்து, வருமுன் காத்தல். பள்ளி மாணவருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டுமென்றார். முஸ்லிம் மாணவியருக்கு விடுதி அமையவும் முயன்றார். 1928இல் திருமண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என உயர்த்துமாறு தீர்மானம் கொணர்ந்தார். மறு ஆண்டு இந்திய அளவில் நிறைவேறிய சாரதா சட்டமோ 14, 18 என்ற அளவிலேயே நின்றது.

அவரது பெயரை நிலைபெறச் செய்தது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கெதிராக 1927 நவம்பரில் அவர் கொணர்ந்த தீர்மானமாகும். இதனை எதிர்த்தோர் பழமைவாதிகள் மட்டுமல்லர். சென்னையின் தேவதாசிப் பெண்களே ஒன்றுகூடி அரசுக்கு மனு அளித்தனர். தம்மை விலைமகளிரோடு ஒருங்கெண்ணலாகாது, இசையும் நடனமும் காத்து வருவோர் தாம், தமக்கு வேண்டுவது தடையன்று, கல்வியே என்பது அவர்தம் வாதம். மறுபுறம், அதே வாழ்க்கையை அனுபவித்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஒழிப்பை ஆதரித்துப் பாடுபட்டனர். ஒரு சமூகத்தின் சீர்திருத்தத்தைச் சட்டம் மேற்கொள்ளும்போது, அதன் விலையைச் செலுத்துவோர் யார் என்ற வினா இங்கு எழுகிறது.

இவ்வினாவை முத்துலட்சுமி அறவே புறக்கணித்தார் எனக் கூறுவது நியாயமாகாது. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தம், கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசியர் அனுபவித்த இனாம் நிலங்களை அப்பணியிலிருந்து விடுவித்து, நிலம் அவர்களிடமே நிலைக்க வழிசெய்தது. வாழ்வாதாரத்தைப் பறிக்காமல் வழக்கத்தை மட்டும் அகற்றும் ஏற்பாடு இது. எனினும், நிலமற்றிருந்தோருக்கு இதனால் பயனில்லை. அம்மரபுப் பெண்களின் கலையும் காலப்போக்கில் அவர்தம் கையைவிட்டுப் பிறர் அரங்குகளை அடைந்தது. சட்டம் செய்த நன்மையோடு இவ்விழப்பையும் சேர்த்து எண்ணுவதே நேர்மையான மதிப்பீடாகும்.

பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் மசோதா நிறைவேறுமுன்னரே, 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவி துறந்தார். ஆயின் பணி நிற்கவில்லை. தேவதாசிக் குடும்பச் சிறுமியர் சிலர் அடைக்கலம் நாடி அவரது இல்லத்திற்கு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. அதன் விளைவாகப் பிறந்ததே அவ்வை இல்லம். தடைச்சட்டம் வந்தால் மட்டும் போதாது, தடுக்கப்பட்டவர் சென்று சேர ஓர் இல்லமும் வேண்டும் என்பதை அவர் செயலால் உணர்த்தினார். தடைச்சட்டம் நிறைவேறியது 1947இல்; முதல் தீர்மானத்திற்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள். அப்போது அவர் சட்டசபையில் இல்லை.

1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டகலவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் நிவாரண நிதியைக் கொண்டு 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1968இல் மறைந்தார்.

81 ஆண்டு வாழ்வில் அவர் சட்டசபையில் இருந்தது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே. அவ்விருக்கையை அவர் எய்திய உயர்வாகக் கருதவில்லை. மருத்துவமனையில் தீராத நோய்களுக்கு மருந்து தேடும் மற்றோர் இடமாகவே கருதினார். பிரதிநிதித்துவம் கோரும் எச்சமூகமும், எத்தனை இடங்கள் என்று கேட்பதோடு, அவ்விடத்தில் அமர்வோர் யாருடைய துயரைச் சுமந்து செல்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும்.