மருந்தியல் பட்டம்: பத்தாம் வகுப்பிலேயே எடுக்க வேண்டிய முடிவு

ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில்தான், "அடுத்து என்ன படிக்க வைப்பது?" என்ற பேச்சே நம் இல்லங்கள் பலவற்றில் எழுகிறது. மருத்துவம் கிட்டவில்லை, பொறியியலில் நாட்டமில்லை. "பி.பார்ம். சேர்த்துவிடுங்களேன்" என்று உறவினர் ஒருவர் யோசனை கூறுவார். பிள்ளை படித்ததோ வணிகவியல் பிரிவு! அந்தக் கதவு இரண்டாண்டுகளுக்கு முன்னரே அடைபட்டுவிட்டது என்பது அப்போதுதான் புலப்படும்.

மருந்துக் கலை நமக்குப் புதியதன்று. 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி மருந்தியலுக்கென்றே தனி நூல் யாத்தார். 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். நம் நாட்டில் குவாஜா அப்துல் ஹமீது 1935-இல் சிப்லா நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவருடைய மைந்தர் யூசுப் ஹமீது 2001-இல், எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்து, ஏழை நாடுகளின் துயர் தணிய வழி செய்தார்.

எந்தப் பிரிவில் சேர்வது?

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம் இருத்தல் வேண்டும். அவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் இருப்பது தேவை. நான்கும் சேர்ந்த பிரிவு கிடைப்பின் மிக நன்று. உயிரியல் படிக்காதவர்க்கு உயிரியலும், கணிதம் படிக்காதவர்க்குக் கணிதமும் பட்டப்படிப்பின் தொடக்கத்தில் ஈடுசெய் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் வேதியியலில் அடித்தளம் உறுதியாக இல்லாதவர் நான்காண்டுகளும் இடர்ப்படுவர். கரிம வேதியியலை மனப்பாடம் செய்யாது, விளங்கிப் படிக்கும் பழக்கம் பள்ளியிலேயே வர வேண்டும்.

பி.பார்ம். நான்காண்டுப் படிப்பு. இரண்டாண்டு டி.பார்ம். முடித்தவர்கள் இதன் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வசதி குறைந்த குடும்பத்தினர் இவ்வழியையும் எண்ணிப் பார்க்கலாம். 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. ஆறாண்டுப் படிப்பாகும்.

சான்றிதழ்களில் கவனம்

தமிழகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இப்படிப்பு உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே பிறந்த தேதிப் பதிவைச் சரிபார்த்துக் கொள்க.

லெப்பை, இராவுத்தர், மரைக்காயர், தக்னி, மாப்பிள்ளை, ஷேக், சையத் உள்ளிட்ட பட்டியலிலுள்ள பிரிவினருக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதனைப் பெறச் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் வந்த பின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதில் பயனில்லை.

நம்மவர்க்கே உரிய இன்னல் ஒன்றும் உண்டு. பள்ளியில் 'முகமது', பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மத்', ஆதாரில் வேறொன்று! பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும் முன்பே பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். தந்தையார் வளைகுடாவில் இருந்தால், அவர் விடுமுறையில் வரும்போதே தேவையான ஆவணங்களைத் திரட்டி வையுங்கள். பிள்ளைகள் அங்கேயே பயின்றிருப்பின் இருப்பிடச் சான்றிதழும் வேண்டியிருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது இந்திய மருந்தியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற இடத்தில் பணத்தைக் கொட்டிப் பட்டம் பெற்றாலும், மருந்தாளுநராகப் பதிவு செய்ய இயலாது.

பெண்மக்களுக்கு

மருத்துவமனை மருந்தகம், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியன பெண்களுக்கும் கண்ணியமான பணிகளே. தாய்மார்கள் தம் நோயை நாணமின்றிக் கூறி, மருந்துண்ணும் முறையைக் கேட்டறிய ஒரு சகோதரி அங்கே இருப்பது எத்துணை ஆறுதல்! "ப்ளஸ் டூ போதும்" என்று கூறும் முன் பெற்றோர் சற்றே சிந்திக்க வேண்டும்.

இது ஓர் அமானிதம்

இறுதியாக ஒன்று. பட்டம் பெற்றபின் சிலர் தம் சான்றிதழை மருந்துக் கடைக்காரருக்கு மாத வாடகைக்கு விட்டு, வேறு வேலை பார்க்கின்றனர். கடையிலோ மருந்தறியாத சிறுவன் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறான். அளவு தவறி ஓர் உயிர் போனால், மறுமையில் யார் பொறுப்பு? மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகள் பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் வழங்கப்பட வேண்டும் என்று சட்டமும் கூறுகிறது. உழைக்காமல் வரும் அந்த வாடகைப் பணம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்றிரவே அமர்ந்து பேசுங்கள். பாடப் பிரிவை மட்டுமல்ல, இந்த அமானிதத்தைப் பற்றியும் பேசுங்கள். நம் தெரு மருந்தகத்தில் நம் பிள்ளையே நம்பிக்கைக்குரிய மருந்தாளுநராக அமரும் நாள் வரும், இன்ஷா அல்லாஹ்.