ஜெபித்தும் ஏன் பதறுகிறது?



"அக்கா, ஜெபம் பண்ணியும் பயம் போகலைன்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

வாலிபர் கூடுகை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன் நானே அதை ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். அவளிடம் சொன்னதை, அவள் அனுமதியோடு உங்களுக்கும் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் நர்சிங் முடித்து, இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். டியூட்டி முடிந்து வந்து படுத்தால், "அந்த நோயாளிக்குச் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தேனா?" என்று மனம் கேட்கும். சரியாகத்தான் கொடுத்தேன் என்று தெளிந்தால், உடனே அப்பாவின் சர்க்கரை நோய்க்குத் தாவும். அப்பாவுக்குப் போன் செய்து பேசி முடித்தால், விசா. அதன் பிறகு வாடகை. ஒன்று தீர்ந்தால் அடுத்தது வந்து நிற்கும். கழுத்து இறுகும், வயிறு கலங்கும், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வேன்.

அம்மாவிடம் சொன்னேன். "மக்களே, நல்லா ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். பதற்றம் போகவில்லை, விசுவாசம் இல்லாதவள் என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. கடைசியில் வார்டில் உடன் வேலை செய்த மூத்த நர்ஸ் ஒருவர்தான் கேட்டார்: "நோயாளிகளிடம் கேட்கிறாயே ஏழு கேள்விகள், அவற்றை உன்னிடமே கேட்டுப் பார்த்தாயா?"

கவலையா, நோயா?

தேர்வுக்கு முன் எல்லாருக்கும் கவலை வரும். முடிவு வந்ததும் போய்விடும். பொதுவான பதற்றக் கோளாறில் அப்படிப் போவதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றிய கவலை அடக்க முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கெடுதல் ஆகியவற்றில் மூன்றாவது இருக்கும். படிப்பும் வேலையும் பாதிக்கப்படும். நம் வீடுகளில் இது பல நேரம் "வயிற்று வலி", "தலைவலி" என்ற பெயரில்தான் வெளியே வருகிறது.

இங்கே நம் சமையலறையில் கடுகு தாளித்தாலே ஸ்மோக் அலாரம் அலறுமே, அதுபோலத்தான் இதுவும். ஆபத்தை எச்சரிக்க ஆண்டவர் நம் உடலில் வைத்த அமைப்பு, சின்னப் புகைக்கும் அலறுகிறது. நெஞ்சு படபடப்பும் வியர்வையும் நிஜம். தீ மட்டும் இல்லை. அலாரத்தைத் திட்டினால் அது அடங்காது.

மூத்த நர்ஸ் சொன்ன ஏழு கேள்விகள் 2006-ல் வெளியான 'ஜி.ஏ.டி.-7' என்ற படிவம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் மேலும் பார்ப்பது நல்லது. எனக்கு 16. ஆனால் படிவம் மட்டுமே நோயை உறுதி செய்யாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும் என்பதால், என் ஜி.பி. இரத்தப் பரிசோதனையும் செய்தார். நாளைக்கு எத்தனை காபி என்றும் கேட்டார். ஆறு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

என்ன செய்தார்கள்?

சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மாலையில் இருபது நிமிடம் 'கவலை நேரம்' என்று ஒதுக்கச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் வரும் கவலையை நோட்டில் எழுதி, மாலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். மாலையில் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: நான் ஏதாவது செய்யக்கூடியது, செய்ய முடியாதது. அப்பாவுக்கு நாளுக்கு நான்கு முறை போன் செய்ததை ஒன்றாகக் குறைத்தேன். முதல் வாரம் கை நடுங்கியது, பிறகு பழகியது.

செர்ட்ரலின் மாத்திரையும் ஒரு வருடம் சாப்பிட்டேன். இது எல்லாருக்கும் தேவைப்படாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. நான் மாத்திரை சாப்பிட்டதைச் சபையில் யாருக்கும் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

வேதம் என்ன காட்டுகிறது?

1 இராஜாக்கள் 19-ல் எலியா சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடியும் தூங்கினார். கவலைப்படாதிருங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், சபைகளைப் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாக 2 கொரிந்தியர் 11:28-ல் எழுதுகிறார். அவரை நாம் அவிசுவாசி என்று சொல்வதில்லையே!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வந்து சொல்லும்போது "உனக்கு என்ன குறை? நாங்கள் படாத கஷ்டமா?" என்று தொடங்காதீர்கள். முதலில் கேளுங்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள். அதன்பின் அப்பாயின்ட்மென்ட் எடுங்கள்.

இங்கிலாந்தில் 18 வயதானவர்கள் ஜி.பி.யிடம் போகாமலே என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸில் நேரடியாகப் பதிவு செய்யலாம். இளையவர்கள் ஜி.பி.யிடமோ பள்ளியிலோ சொல்லலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: 111-ஐ அழைத்து மனநலத்துக்கான 2-ஐ அழுத்துங்கள், சமாரிடன்ஸ் 116 123 இரவும் பகலும் இலவசம், உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அந்தத் தங்கையிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "இல்லம்மா, விசுவாசம் இருப்பதால்தான் இவ்வளவு நாளும் ஜெபித்திருக்கிறாய். இப்போது டாக்டரிடமும் சொல்லலாம்." அடுத்த வாரம் அவளுக்கு அப்பாயின்ட்மென்ட். அவள் அம்மாவும் கூடப் போகிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.