கட்டாயமும் இசைவும்: தமிழகத்தில் யோனி விரிப்பியின் இரு பயன்பாடுகள்

கருப்பை வாயைக் கண்ணால் நோக்க உதவும் ஸ்பெகுலம் எனும் யோனி விரிப்பி தொன்மையானது. உரோமானியர் காலத் திருகு விரிப்பி பாம்பேயி அகழாய்வில் கிடைத்துள்ளது. 1840களில் அமெரிக்க மருத்துவர் மேரியன் சிம்ஸ், அடிமைப் பெண்களுக்கு மயக்கமருந்தின்றிச் செய்த அறுவைச் சிகிச்சைகளின்போது வளைவிரிப்பியை வடிவமைத்தார்.

சென்னையில் இப்பரிசோதனை சட்டக் கட்டாயமாகவும் இருந்தது. 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் புரிவோராகப் பதிவான பெண்களைப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. நோயுற்றோர் லாக் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். படைவீரரின் உடல்நலம் காப்பது இதன் முதன்மை நோக்கம். ஆண்களுக்கு இச்சட்டம் அத்தகைய கடப்பாடு எதையும் விதிக்கவில்லை. எதிர்ப்புகளுக்குப் பின் 1888இல் அது நீக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு வேறொரு பயன்பாட்டைக் காட்டுகிறது. பயிற்சி பெற்ற செவிலியர் விரிப்பியின் துணையுடன் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெண்மையாக மாறும் பகுதிகளைக் கண்டறிந்தனர். 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுள் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். ஒப்பீட்டுக் குழுவைவிடப் புற்றுநோய் நிகழ்வு 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தமை 2007இல் வெளியான முடிவுகளால் தெரிகிறது.

இரு நிகழ்வுகளிலும் பெண்ணின் இசைவே வேறுபாடு. எனவே மருத்துவக் கருவிகளின் வரலாற்றை வடிவமைப்பின் வளர்ச்சியாக மட்டும் எழுதுவது போதாது. பரிசோதிக்கப்பட்டவரின் நிலையும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.