காற்று எந்தப் பக்கம்?



2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற வீட்டை விட்டு ஓடினார்கள். 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

ஓடத்தான் வேண்டும், ஆனால் எந்தப் பக்கம்? காற்று கேஸை நம் மேல் அடித்தால், முதலில் குறுக்காக விலகணும். பிறகு காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போகணும். மூக்கில் ஈரத்துணி கட்டணும். கண்ணில் பட்டால் 15 நிமிஷமாவது தண்ணீரில் கழுவணும்.

அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் தீயணைப்பு வீரர்கள் கேஸ் மூட்டத்தின் மேல் தண்ணீரைச் சாரலாக அடிப்பார்கள். குளோரின் சிலிண்டர் அப்படியல்ல! கசியும் இடத்தில் தண்ணீர் விட்டால் ஆசிட் உண்டாகி, இரும்பை அரித்து, ஓட்டை பெரிதாகும். குளோரின் காற்றைவிட 2.5 மடங்கு கனம், பள்ளத்தில் தங்கும். மேட்டுக்கு ஏறணும்.

நம்ம காளவாசல் பைபாஸில் டேங்கர் நின்றால் அதில் எழுதிய நம்பரைப் பாருங்க. 1005 அமோனியா, 1017 குளோரின். கசிந்தால் தூரத்தில் நின்று 101-க்கு போன் செய்து அந்த நம்பரையும் சொல்லுங்க.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லுங்க. வருமுன் காப்போம்!