கையேந்தக் கற்பித்த குரல்: இசைமுரசு நாகூர் ஹனீபா

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பழங்காலந்தொட்டே பல நாடுகளாகப் பகுத்து வழங்கப்பட்டு வருகிறது. குண்டூர் நாடு அவற்றுள் ஒன்று. இந்த மலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். யாழும் முழவும் சுமந்த பாணர் அவன் புகழ் கேட்டு மலையேறினர். வறுமையோடு சென்றவர் வளமையோடு மீண்டனர். அவனது கொடையை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் பசியோடு வரும் மற்றொரு பாணனைக் கண்டு, "இன்ன வழியே செல்க, இன்ன வள்ளலைக் காண்க, உன் துயர் தீரும்" என்று கூறுவதைத் தமிழர் 'ஆற்றுப்படை' என்றனர். தான் பெற்றதை மறைத்து வைக்காமல் பெறாதவனுக்கு வழி சொல்லும் உயர்ந்த பண்பு அது. அத்தகைய நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓரியையும் எழுவருள் ஒருவனாகப் போற்றுகிறது.

ஆயினும், ஓரியின் கருவூலத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. மலையமான் திருமுடிக்காரியோடு நிகழ்ந்த போரில் ஓரி மாண்டான். கொல்லிமலை சேரர் வசமாயிற்று. அள்ளிக் கொடுத்த கை ஓய்ந்தபின் பாணர் எங்கே செல்வர்?

இந்த வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டில் எளிய தமிழில் விடை பாடியவர் ஒருவர் உண்டு. கொடுத்துக் கொடுத்தும் குறையாத கருவூலத்தை உடையவன் எவனோ அவனிடம் செல்லுங்கள் என்று ஊர்தோறும் ஆற்றுப்படுத்திய பாணர் அவர். அவரே இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள்.

நாகூர் தந்த நாவளம்

ஹனீபா அவர்கள் 1925 டிசம்பர் 25-ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தார். ஊரும் உறவும் நாகூர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் அடங்கியிருக்கும் ஊர் அது. அங்குள்ள மினாராக்களுள் மிக உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரி விழாவுக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே திரளும் ஊர். பலசமய மக்கள் கூடுமிடத்தில் எல்லோர்க்கும் விளங்கும்படி பேசவும் பாடவும் பழகுவது இயல்பன்றோ!

அது புலவர்களின் ஊருமாகும். குலாம் காதிறு நாவலர் (1833–1908) பிறந்த மண் அது. பிற்காலத்தில் புலவர் ஆபிதீன் போன்றோர் அங்கிருந்தே பாடல் இயற்றினர்; ஆபிதீன் அவர்களின் பாடல்கள் பலவற்றை ஹனீபா அவர்கள் பாடினார். இதற்கும் நெடுங்காலம் முன்னரே, 1572-ல் 'ஆயிரம் மசலா' என்னும் நூல் அரங்கேறிற்று. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் தொடர்ந்தது உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்'. குணங்குடி மஸ்தான் சாகிபு ஞானப் பாடல்கள் அருளினார். இத்துணை நீண்ட மரபு ஏட்டில் இருந்தது. கற்றவர் அவையில் இருந்தது. அதனைத் தெருவுக்கும் திண்ணைக்கும் அடுக்களைக்கும் கொண்டுவந்தது ஹனீபா அவர்களின் குரல்.

அவர் முறையான சங்கீதப் பயிற்சி பெற்றவர் அல்லர். பதின்ம வயதிலேயே மணவீடுகளிலும் விழாக்களிலும் பாடத் தொடங்கினார். இராக ஆலாபனைக்கோ நுண்ணிய கமகங்களுக்கோ அவர் பாடலில் முதலிடம் இல்லை. எழுத்து எழுத்தாகத் தெறித்து விழும் உச்சரிப்பு, மேல் தாயியில் தளராது நிற்கும் வெண்கலக் குரல், பல்லவி மீண்டும் வரும்போது கேட்போரையும் உடன்பாடத் தூண்டும் எளிய மெட்டு ஆகிய மூன்றுமே அவருடைய செல்வம். வேர்ச்சத்தம் மிக்க திறந்தவெளிக் கூட்டத்தில், குழாய் ஒலிபெருக்கி வழியே செல்லும்போது மென்குரல்கள் கரைந்துவிடும். அவர் குரலோ கடைசி வரிசையில் நின்றவர் செவியிலும் சொல் சிதையாமல் விழும். 'இசைமுரசு' என்று அவரை மக்கள் அழைத்தது வெறும் புகழ்ச்சியன்று. அக்குரலின் தன்மையைச் சரியாகக் கண்டு இட்ட பெயர்.

அக்காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே இடம். அந்தச் சிற்றளவுக்குள் ஒரு கருத்தைத் தொடங்கி, விளக்கி, முடித்துவிட வேண்டும். பின்னர் நீள்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வந்தன. வானொலி அப்பாடல்களைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது. மன்னன் ஒருவன் வாயிலில் நின்று பாணன் பாடிய காலம் போய், பல்லாயிரம் இல்லங்களே பாணனைப் போற்றும் காலம் வந்தது.

மேடையும் கொள்கையும்

ஹனீபா அவர்களின் வாழ்வில் மற்றொரு பாதியும் உண்டு. அதை மறைத்து அவர் வரலாற்றைக் கூற இயலாது. இளமையிலேயே சுயமரியாதை இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டவர் அவர். 1949-ல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபின் அதன் மேடைகள்தோறும் அவர் குரல் ஒலித்தது. தலைவர்கள் வந்து சேருமுன்னர் அவர் பாடுவார்; கூட்டம் திரளும். அறிஞர் அண்ணாவின்பால் அவர் கொண்ட அன்பும், கலைஞர் மு. கருணாநிதியோடு கொண்ட நட்பும் நாடறிந்தவை.

இறைநம்பிக்கையாளர் ஒருவர் பகுத்தறிவு பேசிய இயக்கத்தில் எவ்வாறு நிலைத்தார் என்று வியப்போர் உண்டு. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் கொள்கையே இரண்டுக்கும் இடையே அவர் கண்ட பாலம் எனலாம். பெரியார் இஸ்லாத்தின் சமத்துவத்தைப் பலகாலும் பாராட்டிப் பேசியவர். ஐவேளையும் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் மார்க்கத்தில் வளர்ந்தவருக்கு அந்தக் குரல் அயல் குரலாகத் தோன்றியிராது. ஆகவே அவர் தொழுகையையும் விடவில்லை; கட்சியையும் விடவில்லை.

கட்சிப்பற்று அவருக்குப் பதவியைக் காட்டிலும் உழைப்பையே மிகுதியாகத் தந்தது. 1972-ல் கழகம் பிளவுண்டது. 1976 முதல் 1989 வரை அக்கட்சி தமிழகத்தில் ஆட்சிக்கு வெளியே இருந்தது. அத்துணை ஆண்டுகளிலும் அவர் இடம் மாறவில்லை. சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். 2002-ல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் நின்று தோற்றார். தமிழக அரசின் கலைமாமணி விருது அவருக்கு அளிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், ஊர்தோறும் அவர் குரலுக்குத் திரண்ட மக்கள் அன்புக்கு அவை ஈடாகா.

திரைப்படமும் அவரை அழைத்தது. 1955-ல் 'குலேபகாவலி', 1961-ல் 'பாவ மன்னிப்பு' ஆகிய படங்களில் பாடினார். பின்னதில், கண்ணதாசன் இயற்றிய பாடலொன்றை டி.எம். சௌந்தரராஜன் அவர்களோடு இணைந்து பாடினார். முதுமையில், இளையராஜாவின் இசையில் 'செம்பருத்தி' (1992), 'தர்மசீலன்' (1993), 'ராமன் அப்துல்லா' (1997) ஆகிய படங்களில் அவர் குரல் மீண்டும் கேட்டது. எனினும் திரையை அவர் தம் இருப்பிடமாகக் கொள்ளவில்லை. அவருடைய இடம் மக்கள் கூடிய பந்தலே.

ஒரு பாடல் காட்டிய வழி

அவர் பாடியவற்றுள் 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை அறியாத தமிழர் அரியர். இப்பாடலின் சிறப்பு எங்கே இருக்கிறது? இன்னாரே கேட்கலாம் என்று அது எவரையும் வடிகட்டவில்லை. கேட்பவரை அன்போடு ஏற்கும் ஒருவனைச் சுட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. பிற சமயத்தார் இல்லங்களிலும் அது ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. மொழி எளிது, கருத்தோ திருமறையின் கருத்து.

"என்னை அழையுங்கள், நான் பதிலளிக்கிறேன்" என்னும் பொருளமைந்த இறைவாக்கு திருக்குர்ஆனின் 40-ஆம் அத்தியாயத்தில் 60-ஆம் வசனமாக உள்ளது. தன் அடியார்க்குத் தான் மிக அண்மையில் இருப்பதாக இறைவன் கூறுவது இரண்டாம் அத்தியாயத்தின் 186-ஆம் வசனம். தன்னை நோக்கி உயர்த்தப்பட்ட கைகளை வெறுமையாகத் திருப்ப இறைவன் நாணுகிறான் என்னும் கருத்துடைய நபிமொழியை ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அரபு அறியாத ஓர் அன்னை, இந்த வசனங்களின் சாரத்தை அரிசி களைந்துகொண்டே கேட்டறிந்தாள் எனில், அதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம் ஆகும்.

ஹனீபா அவர்கள் இறைநேசர் புகழையும் பாடினார்; அரசியல் தலைவர் புகழையும் பாடினார். மனிதரைப் புகழ்வதில் மார்க்கம் விதிக்கும் அளவு யாது என்று கவலையோடு வினவும் உலமாக்கள் உண்டு. அவ்வினாவை அலட்சியம் செய்தல் தகாது. ஆனால், அவருடைய புகழ்மிக்க பாடல் எந்த மனிதரின் வாயிலையும் காட்டாமல், நேரே இறைவனின் வாயிலையே காட்டுகிறது. தலைவர்களைப் பாடிய வாயே, தேவை என்று வந்தால் யாரிடம் செல்ல வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அவருடைய பாடல்களை எடைபோடுவோர் இதனையும் தராசில் வைத்தல் வேண்டும்.

இசை ஆகுமா?

இல்லங்களில் அடிக்கடி எழும் வினா இது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லத் தேர்ந்தது பிலால் (ரலி) அவர்களின் இனிய குரலை. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதுதலைக் கேட்டு, தாவூது நபியின் இசைவளம் அவருக்குக் கிட்டியிருப்பதாகப் பாராட்டினார்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பாடுவதற்குப் பள்ளிவாசலிலேயே மேடை இடப்பட்டது. இனிய குரலும் நற்கவிதையும் விலக்கப்பட்டவை அல்ல என்பது இவற்றால் தெளிவு.

இசைக் கருவிகளைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலர் அவற்றை விலக்கினர். சிலர் வரையறையோடு ஏற்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, காலம், இடம், உடனிருப்போர், கேட்பவன் உள்ளம் ஆகியவற்றை அளவுகோலாக வைத்து ஆராய்ந்தார்கள். கருவியோடு கேட்கத் தயங்குவோரின் பேணுதல் மதிக்கத்தக்கது. கேட்போரும், பாடல் தொழுகை நேரத்தை விழுங்குகிறதா, தொழுகையை நினைவூட்டுகிறதா என்று தம்மையே வினவிக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்புமை

அமெரிக்காவில் 'சோல்' என்று ஓர் இசைவகை உண்டு. 'ஆன்மா' என்பதே அச்சொல்லின் பொருள். அடிமைப்பட்டு வாடிய கறுப்பின மக்கள் தேவாலயங்களில் பாடிய வழிபாட்டுப் பாடலே அதன் வேர்களுள் முதன்மையானது. அவ்விசையின் அரசி எனப் போற்றப்பட்ட அரிதா பிராங்க்ளின் (1942–2018) ஒரு போதகரின் மகள். தேவாலயத்தில் பாடிப் பழகிய அதே குரலால் தம் மக்களின் தன்மானத்தையும் பாடினார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் மறைந்தபோது அஞ்சலியாகப் பாடியவரும் அவரே. புகழின் உச்சியில் இருந்தபோது, 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தேவாலயம் ஒன்றில் அமர்ந்து வழிபாட்டுப் பாடல்களையே தொகுப்பாகப் பதிவு செய்தார்.

நாடு வேறு, சமயம் வேறு, இசைமுறையும் வேறு. ஆனால் வழிபாட்டில் பழகிய குரலே உரிமைக்காகவும் எழுந்தது என்பதில் இருவரும் ஒப்பர். இறைவன் முன் குனிந்த தலை, மனிதன் முன் குனிய மறுத்தது.

இல்லங்களின் கடமை

2015 ஏப்ரல் 8-ஆம் நாள் சென்னையில் ஹனீபா அவர்கள் இறையடி சேர்ந்தார். 2025-ஆம் ஆண்டு அவர்தம் நூற்றாண்டு. இசைத்தட்டில் தொடங்கிய அக்குரல் இன்று கைப்பேசியில் ஒலிக்கிறது. கேட்பது எளிதாகிவிட்டது, பொருளுணர்ந்து கேட்பதோ அரிதாகி வருகிறது. தமிழ் எழுத்தைத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு அப்பாடல் வெறும் மெட்டாகவே நின்றுவிடும்.

ஆகவே, பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாடல் முடிந்ததும் அதன் சொற்களைப் பிள்ளைகளிடம் பொருள் கேளுங்கள். எந்த இறைவசனத்தின் கருத்து அதில் அடங்கியுள்ளது என்று காட்டுங்கள். பாடலை இயற்றிய புலவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். பாடியவர் புகழில் எழுதியவர் பெயர் மறைந்து போதல் நம் வழக்கமாகிவிட்டது.

பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. கொல்லிமலைத் தலைவனின் கொடை பாட்டில் மட்டுமே எஞ்சியது. ஹனீபா அவர்கள் காட்டிய வாயில் இன்றும் திறந்தே இருக்கிறது. வழியறிந்த நாம் அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்லாமல் போனால், பரிசில் பெற்றும் வாய்மூடிச் சென்ற பாணர் ஆவோம்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக! ஆமீன்.