நீலப் பனியும் பழம் தின்ற கரடியும்

“ஐஸைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” வான்கூவரில் கப்பல் ஏறும்போது மாமியார் கேட்டார். மூன்றாம் நாள் அலாஸ்காவின் கிளேசியர் பேயில், மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. வீடு உயரப் பனிப்பாளம் ஒன்று சரிந்து கடலில் விழுந்தது. அதன்பிறகே இடிச் சத்தம் வந்து சேர்ந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா நீலமா இருக்கு?” என்றான் மகன். இறுகிய பனி சூரிய ஒளியின் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது. நீலம்தான் வெளியே வருகிறது. 1794-ல் இந்த வளைகுடாவே இல்லை. எல்லாம் பனி. அது பின்வாங்கிய சுமார் 100 கி.மீ.தான் இன்றைய கடல்.

விட்டியர் துறைமுகத்தில் இறங்கி, வாடகைக் காரில் டெனாலி பூங்காவுக்குப் போனோம். கோடையில் சொந்த வண்டிக்கு முதல் 24 கி.மீ. மட்டுமே அனுமதி, அதற்குமேல் பூங்காப் பேருந்துதான். விலங்குகளுக்குத் தொந்தரவு குறையும்.

வழியில் பேருந்து நின்றது. சரிவில் ஒரு பழுப்புக் கரடி, புதரோடு சேர்த்து புளூபெர்ரியை வாயால் உருவிக்கொண்டிருந்தது. குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் வேலை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

“நம்மளைக் கண்டுக்கவே இல்ல பாரு” என்றார் அத்தை, மிகுந்த மரியாதையுடன்.