ஆப்பில் ஒரு கட்டணம், ஆட்டோவில் ஒரு கட்டணம்: ஏன்?

சென்னையில் செயலி வழியாக ஆட்டோ பிடிப்பவர்களுக்கு இந்தத் தொலைபேசி உரையாடல் மனப்பாடம். வண்டி கிடைத்துவிட்டது என்று திரை சொன்ன சில நொடிகளில் மணி அடிக்கும். “சார், எங்க டிராப்?” சொல்கிறோம். “ஆப்ல எவ்ளோ சார் காட்டுது?” அதையும் சொல்கிறோம். “கேஷா, ஜிபேயா?” பிறகு ஒரு சின்ன இடைவெளி. “மேல ஒரு அம்பது ரூபா போட்டுக் குடுங்க சார், வந்துடுறேன்.” சம்மதித்தால் வண்டி நகரும். மறுத்தால், வரைபடத்தில் அந்த ஆட்டோ நின்ற இடத்திலேயே நிற்கும். நாமாகப் பொறுமையிழந்து ரத்து செய்யும்வரை நிற்கும்.

பேரம் பேசும் தொல்லை இனி இல்லை என்றுதான் இந்தச் செயலிகளைச் சென்னை வரவேற்றது. ஓலா 2010-ல் தொடங்கியது. ஊபர் 2013-ல் பெங்களூரு வழியாக இந்தியாவுக்குள் வந்தது. காரில் ஆரம்பித்த இரண்டும் சீக்கிரமே ஆட்டோவையும் சேர்த்துக்கொண்டன. வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும், ராத்திரி ரயிலில் வந்து இறங்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே தொகை தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது! அந்த நிம்மதிதான் இப்போது பறிபோய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுநரின் பேராசை என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடலாம். நான் அதை ஏற்கவில்லை. பேரம் திரும்பி வந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கோட்டையில் எடுக்கப்படாமல் கிடந்த ஒரு முடிவு. மற்றொன்று, நிறுவனங்கள் எடுத்த ஒரு முடிவு.

கோட்டையிலிருந்து ஆரம்பிப்போம். தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதித் தொகை கூடுதல். ஜி.பி.எஸ். வசதியும் ரசீது அச்சடிக்கும் வசதியும் கொண்ட மீட்டரை அரசே இலவசமாகத் தரும் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அந்த மீட்டர் வரவில்லை. கட்டணமும் நகரவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆட்சி மாறியது. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. கடைசியில் 2025 பிப்ரவரி 1-லிருந்து முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் வாங்கப்போவதாக ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தன. அரசு ஒப்புதல் இல்லாத கட்டணம் இது, வாங்கினால் நடவடிக்கை என்று அரசுத் தரப்பு எச்சரித்தது.

பத்து கிலோமீட்டர் சவாரி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013 மீட்டர்படி 123 ரூபாய் சொச்சம். சங்கங்கள் அறிவித்தபடி 198 ரூபாய். இரண்டுக்கும் இடையே 75 ரூபாய் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் சென்னையின் ஒவ்வொரு ஆட்டோ சவாரியும் தினமும் தடுக்கி விழுகிறது. செயலி எந்தத் தொகையைக் காட்டினாலும், ஓட்டுநர் மனதில் இருப்பது வேறு தொகை, பயணி நியாயம் என்று நினைப்பது வேறு. இதுதான் சட்டப்படியான தொகை என்று இருவரும் ஒப்புக்கொள்ளும்படியான ஓர் எண் இல்லை.

மற்ற ஊர்களில் இப்படி விட்டுவிடவில்லை. பெங்களூருவில் 2021 டிசம்பரில் உயர்த்தினார்கள், 2025 ஆகஸ்டில் மறுபடி உயர்த்தினார்கள். அங்கே முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. மும்பையில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சம் 26 ரூபாய், கிலோமீட்டருக்கு 17 ரூபாய் சொச்சம். அதே பத்து கிலோமீட்டருக்குப் பெங்களூரு மீட்டர் 180 ரூபாய் காட்டும், மும்பை மீட்டர் 171 ரூபாய் வாக்கில் காட்டும். 123 ரூபாய்க்குச் சென்னை ஆட்டோக்காரர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அந்த எண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் வாங்குகிறவரையெல்லாம் குற்றவாளி என்பதும் நியாயமில்லை.

அடுத்தது நிறுவனங்களின் முடிவு. பயணிகளில் பெரும்பாலானவர்களுக்கு இது இன்னும் தெரியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சவாரியிலும் நிறுவனம் கமிஷன் எடுத்தது. ஓட்டுநர் கைக்குக் குறைந்தது 80 சதவீதமாவது போய்ச் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் வழிகாட்டுதல் எழுத வேண்டிவந்த அளவுக்கு அதில் கசப்பு இருந்தது. 2022 நவம்பரில் பெங்களூருவில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு ‘நம்ம யாத்ரி’ செயலி வந்தது. கமிஷனே கிடையாது. சிறிது காலம் கழித்து, ஓட்டுநர் நாளொன்றுக்கு 25 ரூபாய் கட்டினால் போதும், எத்தனை சவாரி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஓட்டுநர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். மற்றொரு செயலியான ரேபிடோவும் ஆட்டோவில் அதே சந்தா முறைக்கு மாறியது. 2025 பிப்ரவரியில் ஊபரும், அதே ஆண்டு ஜூனில் ஓலாவும் மாறின. வாரச்சந்தையில் கடை போடுகிறவர் காலையில் சுங்கம் கட்டிவிட்டு நாள் முழுக்க வியாபாரம் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. அன்றைய வியாபாரம் அவர் பாடு.

ஓட்டுநருக்கு இது நல்ல மாற்றம், சந்தேகமில்லை. சவாரிப் பணம் முழுக்க அன்றைக்கே அவர் கையில். ஆனால் பயணிக்கு என்ன ஆனது? கமிஷன் வாங்கிய காலத்தில், திரையில் காட்டிய தொகைக்கு நிறுவனம் ஓரளவாவது பொறுப்பேற்றது. கூடுதலாகக் கேட்டார் என்று புகார் செய்தால் சில சமயம் பணம் திரும்ப வந்தது. புதிய ஏற்பாட்டில், ஆட்டோ கட்டணம் என்று திரையில் தெரிவது வெறும் பரிந்துரை, இறுதித் தொகையை நீங்களும் ஓட்டுநரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று ஊபர் தன் பயணிகளுக்கே அறிவித்துவிட்டது. பணத்தையும் ஓட்டுநரிடமே நேராக, ரொக்கமாகவோ யு.பி.ஐ. வழியாகவோ தர வேண்டும். அதாவது “மேல அம்பது” என்று கேட்கும் ஓட்டுநர் செயலியின் விதியை மீறுவதாக நாம் நினைக்கிறோம். ஆனால் விதியே அவரைப் பேசிக்கொள்ளச் சொல்கிறது.

இந்த மாற்றத்தில் வரிக்கும் பங்குண்டு. தெருவில் கைகாட்டி நிறுத்தும் ஆட்டோவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. செயலியில் பதிவு செய்தால், 2022 ஜனவரி 1 முதல் 5 சதவீதம் உண்டு, அதை நிறுவனம் வசூலித்துக் கட்ட வேண்டும். நாங்கள் பயணச் சேவை தரவில்லை, ஓட்டுநருக்கு மென்பொருள் தருகிறோம், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டால் அந்த 5 சதவீதம் பொருந்துமா? கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் நம்ம யாத்ரி விஷயத்தில் பொருந்தாது என்றது. ஊபரின் சந்தா முறையைப் பற்றிக் கேட்டபோது பொருந்தும் என்றது. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு ஏற்பாடுகளுக்கு இரண்டு பதில்கள். திரையில் தெரியும் தொகைக்குப் பொறுப்பேற்க யாரும் முன்வராததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

இனி, நாம் பொத்தானை அழுத்திய பிறகு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்ப்போம். வடபழனி சிக்னலில் நின்றிருந்தபோது நான் போன ஆட்டோவின் ஓட்டுநர் தன் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த இரண்டு போன்களையும் காட்டினார். ஒன்றில் ஒரு செயலி, மற்றொன்றில் இரண்டு. ‘டிங்’ என்றது. திரையில் ஒரு சவாரி. ஏற்றும் இடத்துக்கு 2 கிலோமீட்டர், இறக்கும் தூரம் 4 கிலோமீட்டர், கீழே தொகை, ஓரத்தில் வேகமாகச் சுருங்கும் ஒரு பச்சைக் கோடு. கோடு முடிவதற்குள் தொட வேண்டும். அவர் தொடவில்லை. “ரெண்டு கிலோமீட்டர் காலியா போய் நாலு கிலோமீட்டர் ஓட்டறதுக்கா சார்? அந்த ரெண்டுக்கு யார் குடுப்பா?” என்றார். அடுத்த போனில் மறுபடி ‘டிங்’.

அவர் சொன்ன அந்தக் காலி ஓட்டம்தான் “எங்க டிராப்?” என்ற கேள்வியின் பின்னால் இருக்கிறது. ஏற்றும் இடம் தள்ளியிருந்தாலோ, இறக்கும் இடத்திலிருந்து திரும்ப சவாரி கிடைக்காது என்றாலோ அந்த நஷ்டத்தை அவர் யாரிடமாவது வாங்கியாக வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட புதிய வழிகாட்டுதல் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு இருக்க வேண்டும், காலியாக வரும் தூரமும் அதில் அடங்கும் என்கிறது. நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். 2020-ல் இந்த வரம்பு ஒன்றரை மடங்காக இருந்தது. காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். இது பயணிக்கும் ஓட்டுநருக்கும் பொது. ஆனால் இவை வழிகாட்டுதல்கள்தான். மாநில அரசு ஏற்று விதியாக்கினால்தான் தெருவில் அமலாகும். அதோடு, இரண்டு மடங்கு என்றால் எதைப் போல இரண்டு மடங்கு? மாநில அரசு நிர்ணயித்த அடிப்படைக் கட்டணத்தைப் போல. எந்தக் கதவைத் திறந்தாலும் 2013-ல்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முன்கூட்டியே ‘டிப்ஸ்’ சேர்த்தால் வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்று செயலிகள் காட்டும் 10, 20, 30 ரூபாய்ப் பொத்தான்களும் பேரம்தான். சேவை முடிந்த பின் மனமுவந்து தருவதுதான் டிப்ஸ். கிடைப்பதற்கு முன்பே கேட்டால் அது விலை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இதற்காக ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் தருவோம் என்ற விளம்பரத்துக்காக ரேபிடோவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த 50 ரூபாய் பணமாக வராது, செயலிக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயமாக, அதுவும் குறைந்த நாட்களுக்குத்தான் என்பது விளம்பரத்தில் சரியாகச் சொல்லப்படவில்லை.

தமிழக அரசால் இதைச் சரிசெய்ய முடியும். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயிலோடு ஆட்டோவும் பதிவு செய்யலாம். அரசின் சொந்தச் செயலியிலேயே ஆட்டோ இருக்கும்போது, அரசு நிர்ணயித்த நடப்புக் கட்டணம் என்று ஒன்றை அதே திரையில் காட்டுவதில் என்ன தடை? எரிபொருள் விலையோடு இணைத்து ஆண்டுக்கொரு முறை தானாகத் திருத்தும் ஏற்பாடு வேண்டும். எல்லாச் செயலிகளும் அந்தக் கட்டணத்துக்கு உட்பட்டே தொகை காட்ட வேண்டும் என்று உரிம நிபந்தனை வேண்டும். அரசு இதில் இறங்குவது புதிதல்ல: கேரள அரசு 2022-லேயே ‘கேரள சவாரி’ என்று சொந்தச் செயலியைத் தொடங்கியது. ஓட்டுநரின் வயிற்றையும் பயணியின் பையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு அரசு ஒதுங்கி நிற்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதுவரை பயணி செய்யக்கூடியவை சில உண்டு. ஏற்றும் இடத்தை வரைபடப் புள்ளியை நம்பி விட்டுவிடாதீர்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு வாசல், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு வாசல். கூரைக்குக் கீழே நிற்கும்போது ஜி.பி.எஸ். புள்ளி எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. பக்கம் மாறிவிட்டால் ஆட்டோ சுற்றி வர நேரமாகும், பாதி சண்டைகள் அங்கேயே ஆரம்பிக்கும். எந்த வாசல், எந்தக் கடைக்கு முன்னால் என்று முதலிலேயே செய்தி அனுப்பிவிடுங்கள். தொகையைத் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுங்கள், இறங்கும்போது பேசுவதைவிட அது நல்லது. வண்டி எண் திரையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உட்கார்ந்த பிறகு மட்டும் நான்கு இலக்க ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள். இரவில் தனியாகப் போகிறவர்கள் பயண விவரத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். செயலியில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது. ஆபத்து என்றால் 112.

பணத் தகராறு என்றால், செயலியில் புகார் எழுதிவிட்டு அதோடு விடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். திரையில் காட்டிய தொகையின் ஸ்கிரீன்ஷாட், வண்டி எண், பயண நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். சவாரி முடிந்ததும் சில செயலிகளில் முதலில் காட்டிய தொகை மறைந்துவிடும் என்பதால் ஸ்கிரீன்ஷாட்டை ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.